மஞ்சக் கடுதாசி ஜமீன்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மண் குறைவு, கல் ஜாஸ்தி, மழை அதைவிட ஜாஸ்தி. மிச்சமெல்லாம் சதுப்பு. அந்தச் சதுப்பை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கலாம். வேறு பெரிய உபயோகம் கிடையாது. இந்தப் பூமியை வைத்துக்கொண்டு சில குடும்பங்கள் இருநூறு வருஷம் மாளிகை கட்டி, குதிரை வளர்த்து, பிரெஞ்சு ஒயின் குடித்து, நாடாளுமன்றத்துக்கும் போய்வந்தன. விளைச்சலை நம்பி அல்ல, கடனை நம்பி. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமலிருப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் கால்வே, மேயோ பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள். அந்தக் கலையை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர்கள் யார் என்பதில்தான் கதையின் சுவாரசியம்.

முதலில் நிலம் கைக்கு வந்த வழி. 1650களில் கிராம்வெல் கத்தோலிக்கப் பெருநிலக்காரர்களின் வளமான நிலங்களைப் பிடுங்கி, தன் சிப்பாய்களுக்கும் படைச் செலவுக்குப் பணம் போட்டவர்களுக்கும் பங்கு வைத்தார். நிலம் இழந்தவர்களுக்கு ஷானன் ஆற்றுக்கு மேற்கே, கொனாட் மாகாணத்தில், கல்லும் சேறும் ஒதுக்கப்பட்டன. ‘ஒன்று நரகத்துக்குப் போ, இல்லை கொனாட்டுக்குப் போ’ என்ற வசனம் அப்போது பிறந்ததாகச் சொல்வார்கள். நரகத்தில் மழை பெய்யாது என்ற சௌகரியத்தை அப்போது யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

கால்வே நகரத்தில் பதினான்கு வணிகக் குடும்பங்கள் கொடிகட்டிப் பறந்தன. அதில் ஒன்று மார்ட்டின் குடும்பம். அந்தக் குடும்பத்து வக்கீல் ஒருவருக்கு ‘சுறுசுறுப்பு டிக்’ என்று பட்டப்பெயர். சுறுசுறுப்பு எப்படிப்பட்டது என்றால், உள்நாட்டுச் சண்டையில் தோற்றுப்போன ஜேம்ஸ் மன்னர் பக்கம் நின்றுவிட்டு, ஜெயித்த வில்லியம் மன்னரிடமே போய் 1698இல் கானமாரா மலைப்பகுதிக்குப் பட்டா வாங்கிக்கொண்டு வந்தார். தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளை ஆண்ட ஓ’ஃப்ளாஹர்ட்டி குலத்தாரிடம் வாளும் வீரமும் இருந்தன; முத்திரை வைத்த காகிதம் மட்டும் இல்லை. சுமார் 2 லட்சம் ஏக்கர் கைமாறியது.

இனி கடன். இங்கே கொஞ்சம் பத்திரம் படிக்க வேண்டியிருக்கிறது. குடும்பச் சொத்தை மூத்த மகன் ஆண்டு அனுபவிக்கலாம், விற்க முடியாது. அது அவனுடைய மூத்த மகனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதுவார்கள். மருமகள் விதவையானால் வருஷத்துக்கு இவ்வளவு, இளைய பிள்ளைகளுக்கு ரொக்கம் இவ்வளவு, பெண்களுக்குச் சீர் இவ்வளவு என்று எல்லாம் நிலத்தின் தலையில் விழும். ரொக்கத்துக்கு எங்கே போவது? அடமானம். தாத்தா வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட அப்பா கடன் வாங்குவார். அந்த வட்டிக்குப் பிள்ளை. விற்க முடியாத சொத்து என்பதால் கடன் கொடுத்தவனாலும் அதில் லேசில் கைவைக்க முடியாது. வட்டி வந்தால் சரி என்று அவனும் பரம்பரை பரம்பரையாகக் காத்திருப்பான்.

வட்டி வந்தது குத்தகையிலிருந்து. ஜமீன்தார் ஒரு குத்தகைக்காரருக்கு மொத்தமாக விட, அவர் துண்டு போட்டு உள்குத்தகைக்கு விட, கடைசியில் நிற்கும் குடியானவனிடம் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ மிஞ்சும். அதில் உருளைக்கிழங்கு போட்டுக் குடும்பம் முழுக்க அதையே தின்னும். பன்றி ஒன்று வளர்ப்பான். அதைத் தின்ன மாட்டான், விற்றுக் குத்தகை கட்டுவான். ‘குத்தகை கட்டும் கனவான்’ என்றே அயர்லாந்தில் பன்றிக்குப் பெயர். கணக்குப் பார்த்தால் அந்த மாகாணத்தில் தவணை தவறாமல் கடன் அடைத்த ஒரே கனவானும் அதுதான்.

இந்தப் பின்னணியில் 1754இல் பிறந்தார் ரிச்சர்ட் மார்ட்டின். ஊருக்கு ‘விசை டிக்’; துப்பாக்கி விசையில் எப்போதும் விரல் இருக்கும். பாலினாஹிஞ்ச் அவருடைய இருப்பிடம். ஊக்டரார்ட் என்ற ஊரில் கேட்டு, வீட்டு வாசல் கடலோரப் பக்கம். விண்ட்சர் அரண்மனைக்குப் போகும் நீண்ட சாலையை நான்காம் ஜார்ஜ் மன்னர் பெருமையோடு காட்டியபோது, தன் கேட்டிலிருந்து வாசல்படி வரை முப்பது மைல் என்று மார்ட்டின் அடித்துவிட்டாராம். அளந்து பார்த்தால் சில மைல் குறையும். மன்னர் அளக்கவில்லை.

அந்த முப்பது மைலும் அமீனாக்களைத் தாண்ட வைப்பதற்கென்றே அமைந்தது. மன்னரின் உத்தரவு கானமாராவுக்குள் செல்லாது என்பது பிரசித்தம். கடன் பாக்கிக்குத் தாக்கீது கொண்டுவரும் அமீனா, அதை அங்கேயே மென்று விழுங்கிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று சொல்வார்கள். தாக்கீது எழுதப்பட்டது தோல் காகிதத்தில். நல்ல பல் தேவைப்பட்ட உத்தியோகம்.

மேற்கத்திச் சீமான்களுக்கு மானம் போய்விட்டதென்றால் கோர்ட்டுக்குப் போகிற வழக்கமில்லை. விடியற்காலையில் மைதானத்துக்குத்தான் போவார்கள். இதற்கு முறையான சட்டதிட்டம் வேண்டுமென்று 1777இல் க்ளொன்மெல் நகரில் கூடி விதிகள் வகுத்த ஐந்து மாவட்டங்களில் கால்வே, மேயோ, ஸ்லைகோ, ராஸ்காமன் என்று நான்கு கொனாட்டைச் சேர்ந்தவை. யார் முதலில் சுடலாம், எப்போது மன்னிப்புக் கேட்கலாம் என்பதற்கெல்லாம் ஷரத்து இருந்தது. மார்ட்டின் இந்தத் துறையில் கரைகண்டவர். அவருடைய புகழ்பெற்ற எதிராளி மேயோ மாவட்டம் டர்லோவைச் சேர்ந்த ஜார்ஜ் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட். தாய்வழியில் பிரபு வீட்டுப் பிள்ளை; பெற்ற அப்பாவோடு சொத்துத் தகராறு வந்தபோது, அவரைத் தன் வளர்ப்புக் கரடியோடு சங்கிலியில் கட்டிப்போட்ட உத்தமர். இவர் ஒருநாள் வெஸ்ட்போர்ட் மாளிகைக்குப் போய், அங்கே எல்லோருக்கும் செல்லமான ஓநாய் வேட்டை நாயைச் சுட்டுக் கொன்றார். ‘பிரைம் சார்ஜென்ட்’ என்பது நாயின் பெயர். மனிதன் செத்தால்கூட மார்ட்டின் விட்டிருப்பார். நாய் என்றதும் வரிந்துகட்டிக்கொண்டு போனார். காஸில்பாரில் இருவரும் சுட்டுக்கொண்டார்கள். குறி தப்பாத மார்ட்டினின் குண்டு பட்டும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டைக்குள் தகடு கட்டிக்கொண்டு வந்திருந்தார் என்று சாதித்தார்கள். க்ளொன்மெல் விதிகளில் தகடு பற்றி யோசிக்க மறந்துவிட்டார்கள் போலும். 1786இல் ஒரு கொலைச் சதிக்காக ஃபிட்ஸ்ஜெரால்டைத் தூக்கில் போட்டபோது கயிறு அறுந்ததாம். விழுந்து எழுந்தவர், நல்ல கயிறாகக் கொண்டுவரும்படி அதிகாரியைக் கடிந்துகொண்டார் என்பது மேயோக்காரர்கள் இன்றும் விடாமல் சொல்லும் கதை.

மார்ட்டினின் சம்சாரம் வேறொருவரோடு போய்விட்டார். அந்த ஆசாமி மேல் வழக்குப் போட்டதில் 10,000 பவுண்டு நஷ்டஈடு தீர்ப்பானது. கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தவருக்கு இது தெய்வம் கொடுத்த காசு. மனைவியை விற்ற பணம் வேண்டாம் என்று, லண்டனிலிருந்து ஊர் திரும்பும் வழியெல்லாம் வண்டி ஜன்னல் வழியே வாரி இறைத்துக்கொண்டே வந்தாராம். கால்வேயில் இருந்த கடன்காரர்கள் இதைக் கேட்டு என்ன பாடுபட்டார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த மனிதர்தான் 1822இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆடுமாடு குதிரைகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். உலகத்திலேயே இந்த வகையில் முதன்மையான சட்டங்களில் ஒன்று. சபையில் சிரித்தார்கள். கழுதைக்கும் பாதுகாப்பா என்று கேலி செய்தார்கள். கழுதையை அடித்த பில் பர்ன்ஸ் என்ற தெருவியாபாரி மேல் வழக்கு வந்தபோது, காயத்தைக் காட்டுவதற்காகக் கழுதையையே கோர்ட்டுக்குள் நடத்திக்கொண்டு வந்தார் மார்ட்டின். மனிதர்களைச் சுடுகிற நீங்கள் மாட்டுக்காக உருகுவதேன் என்று யாரோ கேட்டதற்கு, மாட்டால் துப்பாக்கி பிடிக்க முடியாதே என்றாராம். நியாயமான பதில்தான். 1824இல் லண்டன் காபிக் கடை ஒன்றில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் ராசி சங்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது: இரண்டே வருஷத்தில் சங்கத்தின் கடனுக்காக அதன் முதல் செயலாளரான பாதிரியார் சிறைக்குப் போனார்.

மார்ட்டின் மட்டும் வெளியே நடமாடியதற்குக் காரணம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது. அவருக்குத் தேர்தல் என்பது ஜாமீன் மனு. 1826 தேர்தலில் வாக்காளர்களை மிரட்டினார் என்று புகார் போய், மறுவருஷம் பதவி பறிபோனது. கடல் தாண்டி பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். 1834இல் அங்கேயே காலமானார். 2 லட்சம் ஏக்கர் இருந்தும், அமீனா வராத ஊர் தேடிச் சாக வேண்டியதாயிற்று.

செலவு செய்வதில் அந்த வெஸ்ட்போர்ட் மாளிகையின் பிரௌன் குடும்பமும் சளைத்ததல்ல. 1800இல் அயர்லாந்தின் சொந்த நாடாளுமன்றத்தைக் கலைத்து லண்டனோடு சேர்க்கும் மசோதாவுக்குக் கைதூக்கிய கைமாறாக ஸ்லைகோ மார்க்விஸ் பட்டம் வந்தது. இரண்டாவது மார்க்விஸ், கவிஞர் பைரனின் கூட்டாளி, இளம் வயதில் கிரேக்க தேசம் போய் மைசீனியில் ஒரு புராதனக் கல்லறை வாசலின் தூண்களைப் பார்த்தார். பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார். கப்பலுக்கு ஆள் பற்றவில்லை. நெப்போலியனோடு சண்டை உச்சத்தில் இருந்த நேரத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளையே ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். 1812இல் லண்டனில் வழக்கு. 5,000 பவுண்டு அபராதம், நான்கு மாதம் நியூகேட் சிறை. விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் சர் வில்லியம் ஸ்காட். பிள்ளைக்காகக் கவலையோடு கோர்ட்டில் இருந்த விதவைத் தாய் அவர் கண்ணில் பட்டார். அடுத்த வருஷமே கல்யாணம். சிறைக்கு அனுப்பியவரே மாற்றாந்தகப்பனாக வந்த பாக்கியம் எல்லாக் குற்றவாளிக்கும் வாய்க்காது. தூண்களோ மாளிகையின் நிலவறையில் கிடந்தன. இன்ன பொருள் என்பதே வீட்டாருக்கு மறந்துபோய், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் யாரோ அடையாளம் கண்டு லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள்.

1845இல் உருளைக்கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. இங்கிருந்து கதை சிரிப்புக்கு அவ்வளவாக இடம் தராது. ஏழு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். கொனாட்டின் ஜனத்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போனது. நிவாரணச் செலவை உள்ளூர் நிலக்காரர்களே ஏற்க வேண்டும் என்றது லண்டன். வருஷ மதிப்பு 4 பவுண்டுக்கு உட்பட்ட துண்டு நிலங்களுக்கான வரியை ஜமீன்தாரே கட்ட வேண்டும். சிறு குடியானவன் இருந்தால்தானே வரி? ஆளைக் கிளப்பிவிட்டுக் கூரையைப் பிரித்தார்கள்.

கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக்கொடு என்ற ஷரத்தை 1847இல் நாடாளுமன்றத்தில் சேர்த்தவர் வில்லியம் கிரெகரி. ஆதரவு 117, எதிர்ப்பு 7. கால்வேயின் கூல் பார்க் பண்ணை இவருடையது. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்த பணத்தில் இவர் கொள்ளுத்தாத்தா 1768இல் வாங்கியது. கால் ஏக்கர்க்காரனுக்கு இவ்வளவு கறாராக இருந்தவர், குதிரைப் பந்தயத்தில் தன் பண்ணையின் மூன்றில் இரண்டு பங்கை விட்டார். நிலத்தைத் தொலைத்தவருக்குத் தீவு ஒன்று கிடைத்தது: 1872இல் இலங்கைக்கு ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகம் அவர் காலத்தது. நுவரெலியாவில் இன்றும் குடும்பத்தோடு படகு விடுகிறார்களே, அந்த கிரெகரி ஏரி இவர் பெயரில்தான். ஏரி, கால் ஏக்கரைவிடப் பெரியது.

மேயோவில் ஜார்ஜ் ஹென்றி மூர் என்றொருவர் குதிரையில் பணம் கட்டி ஜெயித்தார். 1846இல் செஸ்டர் கோப்பையை அவர் குதிரை கொரானா தட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தன் குடியானவர்களின் பசிக்கு அனுப்பினார். அவர் நிலத்தில் ஒருவரையும் பட்டினியில் சாகவிடவில்லை என்று ஊரார் சொல்வார்கள். அதே மூரின் மூர் ஹால் மாளிகையை 1923இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது கொளுத்திவிட்டார்கள். அவர் மகன் சுதந்திர அயர்லாந்தின் புதிய அரசின் செனட்டில் உட்கார்ந்ததுதான் குற்றம். நன்றியும் ஒரு கடன்தான். அதுவும் கொனாட்டில் வசூலாகவில்லை.

பஞ்சத்தில் குத்தகை நின்றது, குத்தகை நின்றதும் வட்டி நின்றது, பரம்பரையாகக் காத்திருந்த கடன்காரர்கள் எழுந்து நின்றார்கள். விற்க முடியாத சொத்தையும் விற்க வழிசெய்து 1849இல் சட்டம் வந்தது. விசை டிக்கின் மகன், குடியானவர்களைப் பார்க்க ஏழைகள் விடுதிக்குப் போய் ஜுரம் தொற்றி 1847இல் இறந்திருந்தார். பேத்தி மேரிக்கு ஊர் வைத்த பெயர் ‘கானமாராவின் இளவரசி’. இளவரசிக்கு வந்து சேர்ந்தது அடமானப் பத்திரக் கட்டு மட்டும். பண்ணை ஏலத்துக்கு வந்தபோது விற்பனைக் குறிப்பில் ஒரு விஷயம் சேர்த்திருந்தார்கள்: குடியானவர்களின் பட்டியல் 1847இல் எடுத்தது, அதற்குப் பிறகு வாங்குபவருக்கு அனுகூலமான மாற்றங்கள் பல நிகழ்ந்துள்ளன என்று. அனுகூலமான மாற்றம் என்றால், பட்டியலில் இருந்தவர்கள் பலர் இப்போது இல்லை. பஞ்சத்தைச் சொத்தின் சிறப்பம்சமாக விளம்பரம் செய்தார்கள். மேரி 1850இல் நியூயார்க்கில் பிரசவத்தை ஒட்டிக் காலமானார். நிலம் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனது.

அடுத்த தலைமுறைக் குடியானவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தார்கள். எசமான்கள் நூறு வருஷம் பாக்கி வைத்தே வாழ்ந்தார்கள். நாம் வைத்தால் என்ன? 1879இல் மேயோவில் கூட்டம் போட்டு நிலச் சங்கம் கண்டார்கள். மறுவருஷம் மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவின் காரியஸ்தர் கேப்டன் பாய்காட்டிடம் குத்தகையில் கால்வாசி குறைக்கச் சொன்னார்கள். பிரபு பத்தில் ஒன்றுதான் குறைப்பேன் என்றார். வெளியேற்ற நோட்டீஸ் கொண்டுபோனவர்மேல் பெண்கள் சாணியும் சேறும் வீசினார்கள். மறுநாளிலிருந்து வேலையாள் இல்லை, துணி வெளுக்க ஆளில்லை, குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லன் இல்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. யாரும் அவரைத் தொடவில்லை, அடிக்கவில்லை. அவர் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. விளைந்து நின்ற கிழங்கைத் தோண்ட வடக்கேயிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களைக் காவல் காக்க ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய், போலீஸ். சுமார் 500 பவுண்டு மகசூலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவு. காவலுக்கு வந்தவர்கள் தோட்டத்தை மிதித்து, மரத்தை வெட்டிக் குளிர்காய்ந்தார்கள். பட்டாளம் திரும்பிப் போன நாளில் சாலையில் ஒரு கிழவி மட்டும் நின்றாளாம். நிலச் சங்கத்துப் பாதிரியார் ஓ’மாலி அவளை அதட்டினார்: பிரிட்டிஷ் ராணுவத்தை மிரட்டக் கூடாதென்று உனக்கு எத்தனை தடவை சொல்வது? கேப்டனின் பெயரே ‘பாய்காட்’ என்ற சொல்லாகி உலகத்துக்கெல்லாம் ஆயுதமானது. 1908இல் தூத்துக்குடியில் வெள்ளையர் பக்கம் பேசிய வக்கீலுக்குச் சவரம் செய்ய மறுத்த நாவிதர் கையில் இருந்ததும் அதே ஆயுதந்தான்.

எல்லா ஜமீன்தாரும் ஊதாரி என்று சொல்லிவிட முடியாது. கால்வேயில் ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்த கிளான்ரிகார்ட் பிரபு மகா கஞ்சன். லண்டனில் கந்தல் கோட்டோடு திரிந்து, மேற்கே எட்டியே பார்க்காமல், தபாலிலேயே பண்ணை நடத்தினார். 1882இல் அவருடைய காரியஸ்தரைச் சுட்டுக் கொன்றபோது, என் காரியஸ்தரைச் சுட்டால் நான் பயப்படுவேன் என்று நினைக்க வேண்டாம் எனப் பிரபு பதில் எழுதினார் என்பார்கள். லண்டனில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தைரியம் யாருக்கும் வரும். 1915இல் அரசாங்கமே கட்டாயமாக நிலத்தை எடுத்துக்கொண்டது. மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஒரு பேரப்பிள்ளை உறவுக்குப் போக, அவர் 1922இல் மன்னரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1903இல் வந்த நிலச் சட்டம் கதையை முடித்துவைத்தது. ஜமீன்தாருக்கு லண்டன் கஜானா ரொக்கம் கொடுத்துவிடும், மேலே 12 சதவீதம் போனஸ் வேறு. குடியானவன் நிலத்துக்குச் சொந்தக்காரனாகி, கஜானாவுக்கு அறுபத்தெட்டரை வருஷம் தவணை கட்ட வேண்டும். பெரிய வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பாலினாஹிஞ்ச் மாளிகையை 1924இல் வாங்கியவர் யார் தெரியுமா? ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் கொடுத்த நவநகர் ராஜா ரஞ்சித்சிங்ஜி. சால்மன் மீன் பிடிக்க வருவார். இளமையில் அவரும் கடன்காரர்களுக்கு நன்றாக அறிமுகமானவர் என்பதால், வீட்டுக்குப் பொருத்தமான வாரிசு.

அறுபத்தெட்டரை வருஷத் தவணையை விடாமல் கட்டியிருந்தால் அது கொனாட் பாரம்பரியத்துக்கே இழுக்கு. 1932இல் சுதந்திர அயர்லாந்தில் ஆட்சிக்கு வந்த தெ வலேரா, லண்டனுக்குத் தவணைப் பணம் போகாது என்று அறிவித்தார். ஒரு தேசமே பாக்கி வைத்தது. குடியானவர்களிடம் மட்டும் பாதித் தவணையை வசூலித்து டப்ளினிலேயே வைத்துக்கொண்டார். எசமானிடம் கற்றுக்கொண்டால் கொஞ்சம் எசமான் குணமும் சேர்ந்தே வரும். லண்டன் பதிலுக்கு அயர்லாந்து மாடுகள்மேல் வரி போட்டது. விற்க முடியாத கன்றுகளை டப்ளின் அரசே தோலுக்குப் பத்து ஷில்லிங் கொடுத்துக் கொல்லச் சொன்னது. 1938இல் ஒரு கோடி பவுண்டு ரொக்கத்தோடு லண்டன் கணக்கை முடித்துக்கொண்டது. வர வேண்டியதில் அது சிறு பங்கு. விசை டிக் உயிரோடிருந்தால் பாக்கி வைத்ததற்காகத் தெ வலேராவுக்குக் கைகொடுத்திருப்பார். கன்றுகளுக்காக மறுநாள் விடியற்காலை மைதானத்துக்கு வரச் சொல்லியிருப்பார், சட்டைக்குள் தகடு கூடாது என்ற நிபந்தனையோடு.